படுக்கையருகே ஒரு தராசு



சென்ற ஆண்டு ரமழானுக்குச் சில வாரங்கள் இருந்தபோது என் தாயாரைப் பக்கவாதம் தாக்கியது. வலப்பக்கமும் பேச்சும் போயின. மருத்துவமனையிலிருந்து குனியமுத்தூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். காலையும் மாலையும் எனக்கு மத்ரஸா. கணவருக்கு உக்கடத்தில் கடை. எனவே தனியார் நிறுவனம் ஒன்றின் மூலம், வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தினோம்.

நிறுவனத்தார் ஒரு நோட்டுப் புத்தகம் தந்திருந்தனர். உணவு கொடுத்த நேரம், மாத்திரை கொடுத்த நேரம், இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்த நேரம் என யாவும் அதில் எழுதப்படும். இரவுதோறும் அதைப் படித்து, 'அல்ஹம்துலில்லாஹ், அம்மாவுக்குக் குறையொன்றுமில்லை' என்று நிம்மதியடைவேன்.

ஒரு வியாழக்கிழமை லுஹருக்குப் பின் எதிர்பாராமல் வீடு திரும்பினேன். நோட்டுப் புத்தகம் திறந்து கிடந்தது. அன்று மாலை நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் உரிய வரிகள் அப்போதே எழுதி முடிக்கப்பட்டிருந்தன. மனம் பதறி, அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பார்த்தேன். வால் எலும்பின் மேல் தோல் சிவந்து, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு உரிந்திருந்தது. எத்தனை நாள் வலியோ! சொல்ல அவருக்கு நாவில்லை. இடக்கையால் என் முந்தானையைப் பற்றிக்கொண்டார்.

கோபத்தில் அந்தப் பெண்ணிடம் குரலை உயர்த்தினேன். அவர் அழுதுகொண்டே கேட்டார்: "பாயம்மா, பகலும் நாந்தானுங்க, ராத்திரியும் நாந்தானுங்க. ரெண்டு மணிக்கொருக்கா திருப்போணும்னா நான் எப்பங்க தூங்கறது?"

எனக்கு மறுமொழி இல்லை. பத்தொன்பது நாட்களாக அவருக்கு ஒரு நாள் விடுப்பும் இல்லை என்பதை அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். அவர் எழுதியது பொய். அது அமானிதத்தில் செய்த மோசடி. அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு மனுஷியால் செய்ய முடியாத வேலையை ஒரு சம்பளத்துக்குச் செய்யச் சொன்னவள் நான்.

அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, அளந்து கொடுக்கும்போது குறைப்போருக்கு வரும் கேட்டைத் திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் எச்சரிக்கிறது. அதை ஆண்டுதோறும் சிறுமிகளுக்குப் பாடமாக நடத்துகிறேன். அரிசி, எண்ணெய்க் கடைகளையே உதாரணமாகச் சொல்லி வந்தேன். அன்றுதான் அந்தத் தராசு என் வீட்டுப் படுக்கையருகே இருப்பதைக் கண்டேன். பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், அவர்கள் சக்திக்கு மீறிய சுமையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கை கொடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

அதன்பின் ஏற்பாட்டை மாற்றினோம். உடன்பிறந்தோர் செலவைப் பகிர்ந்துகொண்டு, பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என அமர்த்தினோம். வாரத்தில் ஒரு நாள் விடுப்பு. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் இருப்போருக்கு நோய் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கின்றன. அதன் செவிலியர் வந்து புண்ணுக்கு மருந்திட்டதோடு, கவனிப்பின் தரத்தை எப்படிப் பார்ப்பது என்றும் கற்றுத் தந்தார்.

நோட்டைப் பார்க்கும் முன் உடலைப் பாருங்கள். குதிகால், இடுப்பு, வால் எலும்பு ஆகிய இடங்களில் உள்ள சிவப்பை விரலால் அழுத்துங்கள். அழுத்தியும் வெளுக்காவிட்டால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். உதடு வறண்டு, சிறுநீர் அடர்நிறமாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. செயலிழந்த பக்கத்துக் கன்னத்தில் உணவு தங்கியிருந்தால் அவசரமாக ஊட்டியிருக்கிறார்கள். மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்கள். சொல்லாத நேரத்தில் வீட்டுக்கு வாருங்கள். பேச இயலாதவரிடமும் கேளுங்கள்: 'ஆம்' என்றால் ஒரு முறை, 'இல்லை' என்றால் இரு முறை கண் சிமிட்டச் சொல்லுங்கள். அம்மா இப்படித்தான் எங்களிடம் பேசுகிறார்.

இன்னோர் அளவுகோல் நமக்கு மிக முக்கியம். உடலைத் துடைக்கும்போது கதவைச் சாத்தி, மேலே துணி போர்த்துகிறார்களா? முதுமையிலும் நோயிலும் அவ்ரத் அவ்ரத்தான், வெட்கம் போய்விடுவதில்லை. இப்போது பகலில் வரும் சகோதரி மாற்று மதத்தவர். பாங்கு கேட்டதும் அம்மாவின் முகத்தைத் துடைத்து, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்கிறார். அம்மா கண்ணசைவால் தொழுகிறார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நாங்கள் செய்வதைப் பார்த்துத் தாமே கற்றுக்கொண்டார். இந்த இஹ்ஸானை எந்த நோட்டில் எழுதுவது?

பெற்றோரைப் பராமரிக்க வேண்டிய பொறுப்பை 2007ஆம் ஆண்டின் சட்டம் பிள்ளைகளுக்கு விதித்திருக்கிறது. முதியோருக்கான 14567 என்ற உதவி எண்ணும் உண்டு. ஆனால் பேச இயலாதவர் எப்படி அந்த எண்ணை அழைப்பார்? அவருக்காகப் பார்க்கும் கண்கள் வேண்டும். அண்டை மாநிலமான கேரளத்தில், மலப்புறம் போன்ற மாவட்டங்களில், அக்கம்பக்கத்துத் தொண்டர்களே படுக்கையில் இருப்போரை முறை வைத்துச் சென்று பார்க்கிறார்கள். நம் முஹல்லா ஜமாஅத்துகளிலும் இது முடியாததன்று. படுக்கையில் இருப்போர் பட்டியல் ஒன்று. வாரம் ஒரு முறை பெண்களைப் பெண்களும் ஆண்களை ஆண்களும் சென்று பார்ப்பது. பராமரிப்பவர் இரண்டு மணி நேரம் தூங்கி எழும்வரை அருகில் அமர்ந்திருப்பது. நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத் அல்லவா?

அம்மாவின் புண் ஆற இரண்டு மாதங்களுக்கு மேலாயின. அந்த முதல் பெண்ணைப் பின்னர் அலைபேசியில் அழைத்து, குரலை உயர்த்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் முதலில் கேட்டது, "அம்மாவுக்குப் புண்ணு ஆறிருச்சுங்களா?" என்பதைத்தான்.

பெற்றோரிடம் 'சீ' என்ற சொல்லைக்கூட விலக்கிய இறைவன், அவர்களுக்குச் செய்யும் பணியிலும், அப்பணியில் துணை நிற்போருக்குக் கொடுக்கும் கூலியிலும் அளவு குறைக்காதவர்களாக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.