அறுநூறு படங்களும் ஒரு பொய்யும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

தன் பிழையைத் தானே எழுதுவது சற்றுக் கூச்சமான காரியந்தான். ஆயினும் எனக்குப் பின் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரும் தம்பி தங்கையருக்குப் பயன்படும் என்று எழுதத் துணிந்தேன்.

எங்கள் இயற்பியல் மன்றக் கூட்டத்திற்கு ஒரு குறும்படம் செய்து தருவதாக ஒப்புக்கொண்டேன். பொருள், செப்புத் தகட்டில் வெப்பம் பரவுதல். தகடு சதுரம், பக்கம் 10 செ.மீ. நான்கு விளிம்புகளும் எப்பொழுதும் 30 டிகிரி செல்சியசில் இருக்கின்றன. நடுவே ஒரு சிறு வட்டம் மட்டும் 100 டிகிரிக்குச் சூடேற்றப்பட்டிருக்கிறது. பிறகு என்ன ஆகும்? 1822-இல் ஃபூரியே வெளியிட்ட நூலில் உள்ள வெப்பச் சமன்பாடு விடை சொல்லும். அதைக் கணிப்பொறியில் 24 நொடிகளுக்குத் தீர்த்து, நொடிக்கு 25 வீதம் 600 கோப்புகளாகச் சேமித்தேன்.

எண்களைப் படமாக்க, பாராவியூ என்னும் மென்பொருளை எடுத்துக்கொண்டேன். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகமும் கிட்வேர் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய முயற்சி அது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். பைத்தானில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்துவிட்டால், ஆள் பக்கத்தில் இல்லாமலே வரிசையாகப் படங்களை வரைந்து தள்ளும். படத்துக்கு நான்கு நொடி. 600 படத்துக்கு 40 நிமிடம். டீ குடித்துவிட்டு வந்தால் படம் தயார் என்று கணக்குப் போட்டேன்.

முதல் நாள் ஒரு படமும் வரவில்லை. நான் வேறோர் அறையிலிருந்து ஆய்வுக்கூடக் கணிப்பொறியை இயக்கினேன். வரைவதற்குத் திரை எதுவும் கிடைக்காததால் வேலை தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. எக்ஸ்விஎஃப்பி என்று ஒரு சிறு நிரல் உண்டு. அது நினைவகத்துக்குள்ளேயே ஒரு பாவனைத் திரையை விரித்துக் கொடுக்கும். அதன் மூலம் ஓட்டியதும் படங்கள் வந்தன.

வந்தன; ஆனால் அறுநூறும் ஒரே படம்! ஒவ்வொரு சுற்றிலும் காலத்தை நகர்த்தும் வரியை எழுத மறந்திருந்தேன். அதையும் சேர்த்தேன். மூன்றாம் முறை வெப்பம் முன்னும் பின்னுமாகத் தாவிற்று. கோப்புகளுக்கு 1, 2, 3 என்று பெயரிட்டிருந்தேன். பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு அடுக்கும் கணிப்பொறிக்கு 1-க்கு அடுத்தது 10, அதற்கடுத்தது 100. எனவே 0001, 0002 என்று நான்கு இலக்கத்தில் பெயரிட்டேன், வரிசை சரியாயிற்று.

இப்பொழுது வேறொரு குறை கண்ணில் பட்டது. சில நொடிகளிலேயே தகடு முழுதும் நீலமாகி, மீதிப் படம் வெறிச்சென்று இருந்தது. பார்ப்பவர்கள் கொட்டாவி விடுவார்களே என்று கவலைப்பட்டேன். நிரலில் ஒரு வரி சேர்த்தேன்: ஒவ்வொரு படத்திலும் உள்ள மிகக் குறைந்த வெப்பத்துக்கு நீலம், மிக அதிகமானதற்குச் சிவப்பு. அழகுக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று ஓரத்திலிருந்த வண்ண அளவுகோலையும் எடுத்துவிட்டேன். படம் இறுதிவரை நடுவில் செக்கச் செவேலென்று ஜொலித்தது. நண்பர்கள் கைதட்டினார்கள்.

கூட்டத்திற்கு முதல் நாள் எங்கள் பேராசிரியர் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மறுபடி ஓட்டச் சொன்னார். பிறகு, "ஏம்பா, உன் தகடு ஆறவே ஆறாதா?" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. செம்பில் வெப்பம் பரவும் திறன் நொடிக்கு ஏறத்தாழ 1.1 சதுர சென்டிமீட்டர். கணக்குப் போட்டால், இவ்வளவு சிறிய தகட்டில் மிச்சமுள்ள சூடு நான்கைந்து நொடிக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைந்துவிடும். 24-ஆம் நொடியில் நடுப்பகுதி விளிம்பைவிட அரை டிகிரிகூட அதிகமில்லை. அந்த அற்ப வேறுபாட்டைத்தான் என் வரி செக்கச் சிவப்பாக்கிக் காட்டியிருந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் ஆறும் என்பது பள்ளிக்கூடம் போகாத என் தாய்க்குத் தெரியும். சமன்பாடு படித்த நான் ஆறாத தகட்டைக் காட்டிக் கைதட்டல் வாங்கினேன்.

முதல் மூன்று பிழைகளும் தாமே வந்து முன்னே நின்றவை. நான்காவதை நானே விரும்பிச் செய்தேன். அதனால்தான் அது பிழையாகத் தெரியவில்லை. நான் குறையென்று நினைத்த நீலமே உண்மை.

அன்று மாலை அந்த வரியை அழித்தேன். 30 முதல் 100 வரை என்று வண்ண எல்லையை ஒரே முறை நிலைநிறுத்தினேன். அளவுகோலைத் திரும்ப வைத்து, மூலையில் நொடிக் கணக்கையும் சேர்த்தேன். இம்முறை முதலில் பத்துப் படங்களை மட்டும் வரைந்து பார்த்தேன். சரியென்று கண்ட பிறகே அறுநூறையும் ஓட்டினேன்.

மறுநாள் மன்றத்தில் படம் ஓடியது. சிவப்பு மங்கி, நடுவிலிருந்து விரிந்து, நீலத்தில் அடங்கிற்று. பின்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டது என் காதில் விழுந்தது. பேராசிரியர் மட்டும் தலையசைத்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.