இடைக்காலம் எப்ப முடிஞ்சுது?



கொஞ்சம் நீளமான பதிவு. சர்க்கரை நோயில ஆரம்பிச்சு ஐரோப்பா வரைக்கும் போயிட்டு, மறுபடி நம்ம ராசிபுரம் பக்கமே வந்து நிக்கும். பொறுமையா வாசிங்க.

போன வாரம், ஒன்பதாவது படிக்கிற என் மகள் கேட்டாள்.

"அப்பா, ஐரோப்பாவுல இடைக்காலம் எந்த வருஷம் முடிஞ்சுது?"

"1453. கான்ஸ்டான்டினோபிள் விழுந்த வருஷம். அப்படியே எழுது, மார்க் போட்டுருவாங்க" என்றேன்.

எழுதி முடிச்சுட்டு அடுத்த கேள்வி.

"நம்ம ஊர்ல எப்பப்பா முடிஞ்சுது?"

சட்டுனு பதில் வரல. எனக்கு ஞாபகம் வந்தது வருஷம் இல்ல, ஒரு ஜோடி செருப்பு.

அந்தக் கதையை முதல்ல சொல்லிடறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

என் கிளினிக் ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவுல இருக்கு. லாரி ஓட்டுறவங்க, கோழிப்பண்ணையில வேலை பார்க்கிறவங்க, தறி ஓட்டுறவங்க, சேகோ மில்லுக்குப் போறவங்க, இவங்கதான் என் நோயாளிங்க.

அதுல ஒரு பெரியவர். அறுபத்தஞ்சு வயசு இருக்கும். பன்னிரண்டு வருஷமா சர்க்கரை. உள்ள வரும்போதே துண்டு தோள்ல இருந்து கைக்கு வந்துடும். ஸ்டூல்ல உட்காரச் சொன்னா நுனியில உட்காருவார்.

சர்க்கரை நோய் பல வருஷம் கட்டுப்பாடில்லாம இருந்தா, பாதத்துல இருக்கிற நரம்பு செத்துப்போகும். மெல்லிசான நைலான் இழையை உள்ளங்காலில் வச்சு அழுத்தி, "தெரியுதுங்களா?"ன்னு கேட்போம். கண்ணை மூடிட்டு அவர் சொன்ன பதில் எல்லா இடத்துலயும் ஒண்ணுதான்.

"இல்லீங்க சாமி."

முள்ளு குத்தினாலும் தெரியாது, தார் ரோடு சுட்டாலும் தெரியாது. அதனால அவருக்கு எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் கொடுத்தேன். "இது இல்லாம ஒரு அடி கூட நடக்கக்கூடாது"ன்னு சொன்னேன். வாங்கிட்டார்.

ஆனா ஒவ்வொரு தடவையும் உள்ளங்கால்ல ஒரு கொப்புளம், ஒரு புண்ணு. கோடையில அதிகம்.

"செருப்பு போடறீங்களா, இல்லையா?"

"போடறனுங்க சாமி."

எனக்குக் கோபம் வந்துடும். வெளியில காத்திருக்கிற நாப்பது பேருக்கும் கேட்கிற மாதிரி திட்டியிருக்கேன். தலையைக் குனிஞ்சு கேட்டுக்குவார்.

ஒரு ஏப்ரல் மாசம் கட்டை விரல் கறுத்துப் போய் வந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு.

அப்புறம் கட்டு மாத்த என்கிட்ட வந்தப்போ, கூட வந்த பேத்தி மஞ்சப் பையில இருந்து அந்தச் செருப்பை எடுத்துக் கீழ வச்சாள். எதேச்சையா அதைத் திருப்பிப் பார்த்தேன்.

வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. அடிப்பக்கத்துக் கோடு கூடத் தேயல.

பேத்திதான் சொன்னாள். "வீட்ல போடுவார் சார். காட்டுல போடுவார். பஸ்ஸுக்கு வர்றதுக்கு அந்த வீதி வழியாத்தான் வரணும். வீதி வந்தா கழட்டிக் கையில எடுத்துக்குவார். அப்புறம் பைல வச்சா வச்சதுதான். கிளினிக் வாசல்ல வந்துதான் மறுபடி எடுப்பார்."

அது யாரோட வீதின்னு நான் கேட்கல. இந்தப் பக்கத்துக்காரங்க நீங்களும் கேட்க மாட்டீங்க.

பெரியவர் சிரிச்சுக்கிட்டே சொன்னார். "இப்பெல்லாம் ஆரும் ஒண்ணுஞ் சொல்றதில்லீங்க சாமி. சின்னப்பிள்ளையில இருந்து பழக்கம். அந்த வீதி வந்தா கை தானா குனிஞ்சு கழட்டீருமுங்க."

ரெண்டு வருஷமா அவர் பாதத்தைப் பார்த்த நான், அந்தப் பாதம் எந்த வழியா நடந்து வருதுன்னு ஒரு தடவை கூடக் கேட்கல. அந்த விரல் போனதுல என் பங்கும் இருக்கு.

சரி, ஐரோப்பாவுக்கு வருவோம். எங்க மருத்துவப் பாடத்துலயே அந்த இடைக்காலம் ஒளிஞ்சிருக்கு.

அந்தக் காலத்துல உடற்கூறியல் வகுப்பு எப்படி நடக்கும் தெரியுமா? பேராசிரியர் உசரமான நாற்காலியில உட்கார்ந்து கேலன் எழுதினதை லத்தீன்ல வாசிப்பார். கீழ பிணத்தை அறுக்கிறவர் நாவிதர். இன்னொருத்தர் குச்சி வச்சு, இது கல்லீரல், இது குடல்னு காட்டுவார். பேராசிரியர் உடம்பைத் தொட மாட்டார். தொட்டு வேலை செய்யற நாவிதருக்கோ லத்தீன் தெரியாது.

கேலன் இரண்டாம் நூற்றாண்டு மருத்துவர். அவர் அறுத்துப் பார்த்தது குரங்கையும் பன்றியையும். மனுஷனோட கீழ்த்தாடை ரெண்டு எலும்புன்னு எழுதிட்டார். எதிர்ல கிடக்கிற பிணத்துல தாடை ஒரே எலும்பாத்தான் இருந்தது. ஆனாலும் ஆயிரம் வருஷத்துக்கு மேல புத்தகம்தான் ஜெயிச்சது.

1543ல வெசாலியஸ்னு ஒரு 28 வயசுக்காரர் புத்தகம் போட்டார். நாற்காலியை விட்டு இறங்கி, கத்தியைத் தன் கையில எடுத்துக்கிட்டவர். தாடை ஒரே எலும்புன்னு சொன்னார்.

இந்தத் தைரியம் ஒரே நாள்ல வரல.

1347ல இருந்து 1351 வரைக்கும் கொள்ளைநோய் ஐரோப்பாவைச் சூறையாடிச்சு. மூணுல ஒருத்தர்ல இருந்து ரெண்டுல ஒருத்தர் வரைக்கும் செத்திருக்கலாம்னு கணக்கு. ஜெபம் பண்ண வந்த பாதிரியாரும் செத்தார், நாடி பார்த்த வைத்தியரும் செத்தார். மிஞ்சின கூலிக்காரங்க அதிகக் கூலி கேட்டாங்க. பழைய கூலிதான் வாங்கணும்னு இங்கிலாந்துல 1351லயே சட்டம் போட்டாங்க.

அதுக்கு நூறு வருஷம் கழிச்சு, குட்டன்பெர்க்கோட அச்சு இயந்திரம். அதுக்கப்புறம் 1517ல மார்ட்டின் லூதர். பாவமன்னிப்புச் சீட்டு விக்கிறதை எதிர்த்து 95 கருத்துகளை லத்தீன்ல எழுதினார். ஜெர்மன்ல பெயர்த்து, அச்சடிச்சு, ஊர் ஊராப் பரப்பிட்டாங்க. 1522ல புதிய ஏற்பாட்டையே ஜெர்மன்ல கொண்டு வந்தார்.

மருத்துவத்துலயும் அந்தக் காத்து அடிச்சது. 1527ல பாசெல் நகரத்துல பாராசெல்சஸ்னு ஒரு மருத்துவர் பல்கலைக்கழகத்துல லத்தீனை விட்டுட்டு மக்கள் பேசுற ஜெர்மன்ல பாடம் எடுத்தார்.

எல்லாத்துக்கும் அடியில ஒரே விஷயம்தான். மேல உட்கார்ந்து வாசிச்சதை, கீழ நின்னவங்க தங்க மொழியில வாங்கி, சரிபார்க்க ஆரம்பிச்சாங்க.

ஆனா இதை ஒரு வெற்றிக் கதையா மட்டும் நினைச்சுடாதீங்க. 1524-25ல ஜெர்மன் விவசாயிங்க "எங்களுக்கும் விடுதலை வேணும்"னு எழுந்தப்போ, லூதர் பிரபுக்கள் பக்கம் நின்னார். பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டாங்க. ரத்தம் இதயத்தோட வலது பக்கத்துல இருந்து நுரையீரல் வழியா இடது பக்கம் போகுதுன்னு எழுதின செர்வீட்டஸ்ங்கிற மருத்துவரை, மதக் கருத்துக்காக 1553ல ஜெனீவாவுல உயிரோட எரிச்சாங்க. எரிச்சது பழைய சபை இல்ல, சீர்திருத்தக்காரங்க.

சண்டை ஓய்ஞ்சு ஒப்பந்தம் போட 1648 ஆச்சு. லூதர்ல இருந்து கணக்குப் போட்டா 131 வருஷம்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம்.

1925ஐ எடுத்துக்கங்க. திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்துல ராஜாஜி காந்தி ஆசிரமம் ஆரம்பிக்கிறார். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்புதான் வேலை. அதே வருஷம் மே மாசம், பள்ளிபாளையம் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஈரோட்டுல, பெரியார் 'குடி அரசு' பத்திரிகையை ஆரம்பிக்கிறார். ஒருத்தர் பக்தியோட உள்ள இருந்து மாத்தப் பார்த்தவர், இன்னொருத்தர் அடித்தளத்தையே கேள்வி கேட்டவர். ரெண்டு பேரும் நண்பர்கள், அரசியல்ல எதிரிகள். ரெண்டும் நம்ம காவிரியோட ரெண்டு கரையில.

அப்ப எங்க தொழில் எப்படி இருந்தது? 1929ல குஜராத்துல ஒரு தலித் ஆசிரியரோட மனைவி, பிரசவமான ரெண்டாம் நாள் நோயில விழுந்தாங்க. மருத்துவர் சேரிக்குள்ள வர மாட்டேன்னுட்டார். நோயாளியை வெளிய தூக்கிட்டு வந்தப்போ, தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில கொடுத்து, அவர் கணவர்கிட்ட கொடுத்து, கணவர் மனைவிக்கு வச்சார். நிமோனியான்னு சொல்லிட்டு மருத்துவர் போயிட்டார். அந்த அம்மா இறந்துட்டாங்க. கணவர் எழுதின கடிதம் 'யங் இந்தியா'வுல வந்தது. அம்பேத்கர் அதைப் பதிவு பண்ணி வச்சிருக்கார்.

உசர நாற்காலியில உட்கார்ந்து, தொடாம வைத்தியம் பார்த்த கதை ஐரோப்பாவோட முடியல.

1939ல ராஜாஜி அரசு கோயில் நுழைவுச் சட்டம் கொண்டு வந்தது. 1944 ஆகஸ்ட் 27, சேலம் மாநாட்டுல நீதிக்கட்சி 'திராவிடர் கழகம்'னு பேர் மாறுச்சு. வெள்ளைக்காரன் கொடுத்த சர், ராவ் பகதூர் பட்டங்களை விடணும்னு அண்ணா கொண்டு வந்த தீர்மானமும் அங்கதான் நிறைவேறுச்சு. 1950ல அரசியல் சாசனத்தோட 17வது பிரிவு தீண்டாமையை ஒழிச்சது. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967ல சட்டம் வந்தது.

இதெல்லாம் சாதாரணம் இல்ல. என் ஓ.பி. நோட்டுல பேரும் இனிஷியலும்தான் இருக்கும், சாதிப் பேர் இருக்காது. வட மாநிலத்துல இருந்து பண்ணைக்கு வேலைக்கு வர்றவங்க பேர் எழுதும்போதுதான், பேருக்குப் பின்னாடி இன்னொண்ணு உண்டுன்னே ஞாபகம் வருது.

சாமி போயிடுச்சா? போகல. ஆடி மாசம் சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் போய்ப் பாருங்க, நடக்க இடம் இருக்காது. போகவும் வேண்டாம். லூதருக்கு அப்புறமும் ஐரோப்பாவுல சர்ச்சு இருந்தது. முடிஞ்சது பக்தி இல்ல, கேள்வி கேட்கக்கூடாதுங்கிற அதிகாரம்.

ஆனா பேர்ல இருந்து போனது, வீதியில இருந்து போகல. வீதியில இருந்து போனாலும், அந்தப் பெரியவரோட முதுகுல இருந்து போகல. யாரும் கழட்டச் சொல்லாத ஊர்ல அவர் கை இன்னும் குனியுது. சட்டத்துக்குத் தேதி உண்டு. உடம்பு அந்தத் தேதியைப் படிக்கிறதில்ல.

மகளுக்கு இதைத்தான் சொன்னேன். "ஆரம்பிச்சது 1925ன்னு வச்சுக்கலாம், இல்ல 1944ன்னு வச்சுக்கலாம். முடிஞ்ச வருஷம் மட்டும் கேட்காத. இன்னும் நடந்துட்டிருக்கு."

"அப்ப மார்க்?"ன்னு கேட்டாள். "இதுக்கு மார்க் கிடையாது"ன்னேன்.

அந்தப் பெரியவர் இப்பவும் வர்றார். ஒரு வருஷமா புது புண்ணு ஒண்ணும் இல்ல. நர்சிங் படிக்கிற பேத்திதான் வைத்தியம் கண்டுபிடிச்சாள். டிவிஎஸ் வண்டியில பின்னாடி உட்கார வச்சு, செருப்போட, அந்த வீதி வழியாவே கூட்டிட்டு வர்றாள்.

"வண்டியில உட்கார்ந்துட்டா குனிய முடியாதுல்ல சார்" என்றாள்.

நான் மாத்திக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. சர்க்கரை நோயாளிகள்கிட்ட "செருப்பு போடறீங்களா?"ன்னு இப்ப கேட்கிறதில்ல. "எங்கெங்க கழட்டுவீங்க?"ன்னு கேட்கிறேன். கோயில்ங்கிறாங்க, களத்துமேடுங்கிறாங்க, சமையலறைங்கிறாங்க. சில பேர் பதில் சொல்லாம இருப்பாங்க. அந்த மௌனத்தையும் இப்ப நோட்டுல குறிச்சுக்கிறேன்.

உங்க வீட்டுல சர்க்கரை இருக்கிற பெரியவங்க இருந்தா, தினமும் ராத்திரி அவங்க உள்ளங்காலைப் பாருங்க. அவங்களால குனிஞ்சு பார்க்க முடியாது, வலியும் தெரியாது. சின்னக் கொப்புளம், கறுப்பு, ஈரம், வாடை எது இருந்தாலும் மறுநாளே மருத்துவர்கிட்ட காட்டுங்க. கோயில் பிரகாரத்துல மதிய வெயில்ல நடக்க விடாதீங்க. காலையிலயோ சாயங்காலமோ கூட்டிட்டுப் போங்க.

அப்படியே, எங்கெங்க கழட்டுவாங்கன்னும் ஒரு தடவை கேளுங்க.