சுமைகூலி முக்கால் பணம்!

திருப்பூர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் உங்களை முதலில் வரவேற்பது சுவர்கள்தான். மற்ற ஊர்ச் சுவர்களில் சினிமா போஸ்டர், அரசியல் தலைவர்கள், மூலம் பௌத்திரம். இங்கே? 'ஆட்கள் தேவை!' ஓவர்லாக் டெய்லர் தேவை, பேட்லாக் டெய்லர் தேவை, செக்கிங் தேவை, கைமடி தேவை. ஆபீசில் மேனேஜர் முறைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சுவர்கள்தான் நினைவுக்கு வரும். பரவாயில்லை, உலகத்தில் ஒரு ஊராவது நம்மைக் கூப்பிடுகிறதே!

(எனக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.)

2025 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை போய் இறங்கினேன். மச்சினன் பைக்குடன் நின்றிருந்தான். முப்பது மிஷின் வைத்துச் சின்னதாக ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி நடத்துகிறான். எப்போதும் வாய் நிறைய "வாங்க மாமா" என்று பெட்டியைப் பிடுங்கிக் கொள்பவன், அன்று பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏறுங்க மாமா. பேங்க்குக்குப் போயிட்டு அப்புறமா ஊட்டுக்குப் போயிக்கலாம். இருபத்தஞ்சு டாலர்ல என்ற பொழப்பு தொங்கிட்டு நிக்குது."

விஷயம் இதுதான். ஐரோப்பாவிலிருந்து 8,000 டி-ஷர்ட்டுக்கு ஆர்டர். லேபிள், ஜிப், தொங்கவிடும் அட்டை எல்லாம் பையர் கைகாட்டும் ஹாங்காங் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும். பில் 2,000 டாலர். அனுப்பினான். அங்கே போய்ச் சேர்ந்தது 1,975. 'மீதி 25 வந்தால்தான் பார்சல் கிளம்பும்' என்று ஹாங்காங்கிலிருந்து மெயில்.

"லேட்டாச்சுன்னா தூத்துக்குடியில கப்பல் போயிரும் மாமா. அப்புறம் ஏர்ல அனுப்பச் சொல்லுவான். அந்தச் செலவு என்ற தலையில. லாபம் பூராவும் ஏரோப்ளேன் ஏறிப் போயிரும்!"

குமரன் சாலையில் பைக் ஊர்ந்தது. 1932 ஜனவரியில் கொடியைக் கீழே விடாமல் அடிபட்டு உயிர் விட்டாரே, அதே குமரன். இந்த ஊர்க்காரர்கள் பிடித்ததை விடமாட்டார்கள். 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி வெள்ளை டி-ஷர்ட் தேடி இங்கே வந்தார். அதுவரை பெரும்பாலும் உள்நாட்டுக்குப் பனியன் தைத்துக் கொண்டிருந்த ஊர், அவர் காட்டிய வழியைப் பிடித்துக்கொண்டு கப்பல் கப்பலாக அனுப்ப ஆரம்பித்தது. 1990-ல் ஏற்றுமதியாளர் சங்கமே வந்துவிட்டது.

பைசாக் கணக்கில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. ஒரு பீஸுக்கு 50 பைசா குறைக்கச் சொல்லி மச்சினன் ஜாப்ஒர்க்காரரிடம் ஒரு மணி நேரம் போனில் மல்லுக்கட்டியதை நானே கேட்டிருக்கிறேன். எட்டாயிரம் பீஸுக்கு 4,000 ரூபாய் மிச்சம் என்று அன்றைக்கு அவன் முகத்தில் அப்படி ஒரு தேஜஸ்!

பேங்க் வந்தது. (பெயர் வேண்டாம். நாளைக்கு நானும் லோன் கேட்டுப் போக வேண்டியிருக்கலாம்.)

"நீங்க போன தடவை ஷா போட்டிருக்கீங்க சார். அதான் குறைஞ்சிருக்கு. அவர் போட்டிருக்கணும்" என்றார் ஆபீசர்.

மச்சினன் விழித்தான். "எவருங்க?"

"அவர்."

"ஷா ஆருங்க? நமக்கு அப்படி ஆரும் பழக்கமில்லீங்களே!"

நூல் வியாபாரத்துக்கு வந்த குஜராத்தி சேட்டு யாரோ பணத்தைப் போட்டார், இன்னொருவர் போட மறுக்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். ஆபீசர் தலையில் அடித்துக் கொள்ளாத குறையாக விளக்கினார். பாரத்தில் மூன்று கட்டம் இருக்கிறதாம். 'அவர்' என்றால் வழிச்செலவு மொத்தமும் அனுப்புகிறவருக்கு. 'ஷா' என்றால் இங்கே ஆகும் செலவு நமக்கு, வழியிலும் அங்கேயும் ஆவது வாங்குகிறவருக்கு. 'பென்' என்றால் எல்லாமே வாங்குகிறவர் தலையில்.

அதென்ன வழிச்செலவு? டாலர் என்ன லாரியிலா போகிறது?

போகவே இல்லை என்பதுதான் வேடிக்கை. போவது தகவல் மட்டும்தான். 1973-ல் பெல்ஜியத்தில் ஆரம்பித்த ஸ்விஃப்ட் என்ற அமைப்பின் வழியாகத்தான் பெரும்பாலான தகவல்கள் போகின்றன. நம் பேங்க்குக்கு அமெரிக்காவில் ஒரு பேங்க்கில் டாலர் கணக்கு இருக்கும். 'அதில் கழித்து ஹாங்காங் பேங்க்குக்குக் கொடு' என்று சொல்லி அனுப்புவார்கள். இரண்டு பேங்க்குக்கும் நேரடிப் பழக்கம் இல்லையென்றால் நடுவில் இன்னொரு பேங்க். கல்யாண வீட்டில் மொய்க்கவர் கைமாறிப் போகிற மாதிரிதான். என்ன, இங்கே ஒவ்வொரு கையும் கவரைப் பிரித்துத் தன் கூலியை எடுத்துக்கொண்டு அடுத்த கைக்குத் தள்ளும். அப்படித்தான் 25 டாலர் துண்டு விழுந்தது.

"சரி, அவரே போடுங்க" என்றான் மச்சினன். 25 டாலர் அனுப்ப கமிஷன், ஸ்விஃப்ட் கட்டணம், வழிச்செலவு, வரி. கூட்டினால் கட்டணம் 25 டாலரையே தாண்டிவிட்டது! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள்?

வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். கூடவே கம்பெனிக் கணக்கு பார்க்கும் பெரியவர். பழைய கால ஆசாமி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில். முதலில் அனுப்பிய 2,000 டாலரின் ரசீதை வாங்கி, அதன் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டார்.

கமிஷன் 750, ஸ்விஃப்ட் 500, இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. 225. ரூபாயை டாலராக மாற்றியதற்கு ஜி.எஸ்.டி. தனியாக 245. ஆக 1,720.

"அவ்வளவுதானே?" என்றேன்.

"இது கண்ணுக்குத் தெரியறதுங்க சார். தெரியாதது இனிமேத்தான் இருக்குது. அன்னிக்கு மார்க்கெட்ல டாலர் 85 ரூபா. பேங்க் தம்பிக்கு வித்தது 86 ரூபா 10 பைசா. டாலருக்கு ஒண்ணு பத்து. ரெண்டாயிரம் டாலருக்கு 2,200. இது ரசீதுல கட்டணம்னு எங்கியும் இருக்காதுங்க."

இரண்டும் சேர்ந்து 3,920 ரூபாய். ஜாப்ஒர்க்காரரிடம் ஒரு மணி நேரம் தொண்டை கிழியப் பேசி மிச்சம் பிடித்த 4,000, ஒரே கையெழுத்தில் காலி! வழியில் விழுந்த 25 டாலரையும் சேர்த்தால் ஆறாயிரத்தைத் தாண்டுகிறது. நூற்றுக்கு மூன்றரை ரூபாய்.

மச்சினன் டீயைக் கீழே வைத்தான்.

பெரியவர் விடவில்லை. "இன்னொண்ணு சொல்லட்டுங்களா தம்பி? அந்த வாரம் திங்கக்கிழமை நம்ம பையர்கிட்ட இருந்து டாலர் வந்துச்சு. பேங்க் அதை 84 ரூபா 40 பைசான்னு எடுத்துக்கிச்சு. வியாழக்கிழமை அதே பேங்க்ல 86.10-க்கு வாங்கினீங்க. நம்ம பனியனை நாமளே வித்துப்போட்டு, அதையே கடையில போயி கூடக் காசு குடுத்து வாங்கின கதை."

ஏற்றுமதியாளர்களுக்கென்றே இ.இ.எஃப்.சி. என்று ஒரு கணக்கு உண்டு. வரும் டாலரை டாலராகவே அதில் வைத்து, கெடுவுக்குள் இப்படிப்பட்ட பில்களுக்கு அப்படியே கொடுக்கலாம். விற்கிற நஷ்டமும் இல்லை, வாங்குகிற நஷ்டமும் இல்லை. பெரியவர் இரண்டு வருஷமாகச் சொல்லி வருகிறாராம். "நேரமில்லீங்க மாமா" என்றான் மச்சினன், என் முகத்தைப் பார்க்காமல்.

அவனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. 2008-ல் இதே ஊரில், அந்நியச் செலாவணி டெரிவேட்டிவ் என்ற புரியாத ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்ட ஏற்றுமதியாளர்கள் பலர் பெரும் நஷ்டப்பட்டு கோர்ட் வரை போனார்கள். துணியைத் தடவிப் பார்த்தே ரகம் சொல்கிற கைகள், பேங்க் பாரத்தைக் கண்டால் மட்டும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகின்றன.

நாம் மட்டும் ஒழுங்கா? தம்பிக்கு வெளிநாட்டுக் காலேஜ் பீஸ் அனுப்புகிறோம். பத்து டாலர் குறைந்தாலும் 'பாக்கி' என்று கடிதம் வரும். உலக வங்கிக் கணக்குப்படி, 200 டாலர் அனுப்ப ஆகும் செலவின் உலக சராசரி சமீப ஆண்டுகளிலும் 6 சதவீதத்துக்கு மேல். இருப்பதிலேயே அதிகம் பிடிப்பது பேங்க் வழிதான். இதை 2030-க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா. இலக்கு. இலக்கு வருகிறபோது வரட்டும். அதுவரை கவுன்ட்டரில் மூன்று கேள்வி கேளுங்கள். இன்றைக்கு எனக்கு என்ன ரேட், மார்க்கெட்டில் என்ன ரேட்? அவரா, ஷாவா? கடைசியில் அவர்கள் கையில் எவ்வளவு போய் விழும்? ரேட்டைக் குறைக்கச் சொல்லியும் கேட்கலாம். வெண்டைக்காய்க்குக் கேட்கிறோமே!

மறுநாள் சனிக்கிழமை. சம்பள நாள். சாயங்காலம் செக்கிங்கில் இருக்கும் ஒடிசா பையன் ஒருவன் படிக்கட்டில் உட்கார்ந்து செல்போனில் அம்மாவுக்கு 3,000 ரூபாய் அனுப்பினான். அங்கே 3,000 ரூபாயும் அப்படியே போய்ச் சேர்ந்தது. கட்டணம் ஒரு பைசா இல்லை. 2023 பிப்ரவரியில் சிங்கப்பூருக்கும் இப்படி செல்போனிலேயே அனுப்ப வழி திறந்துவிட்டார்கள், தனிநபர்களுக்கு மட்டும், தினசரி உச்சவரம்போடு. மச்சினன் அந்தப் பையனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"திங்கக்கிழமை அந்த டாலர் கணக்கை ஆரம்பிச்சிர்றேன் மாமா."

லேபிள் ஐந்து நாள் கழித்து வந்தது. இரண்டு ராத்திரி விடிய விடிய மிஷின் ஓடி, கப்பலைப் பிடித்துவிட்டார்கள். ஏரோப்ளேன் பிழைத்தது, மச்சினனும் பிழைத்தான்.

ஊர் திரும்பும்போது எனக்கு ஒரு டி-ஷர்ட் கொடுத்திருந்தான். லேபிள் வருவதற்கு முன்னால் தைத்தது, கழுத்தில் ஒன்றுமே இல்லை. திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். பக்கத்து சீட் நண்பர் காலரைப் புரட்டிப் பார்த்து, "என்ன பிராண்டு சார்?" என்றார்.

"ஷா" என்றேன்.