பினாங்கு அஞ்சடியில் ஒரு மழை

ஐயா எழுதிய கடிதங்களில் மழைதான் முதலில் வரும். பிள்ளையார் சுழி, நலம் விசாரிப்பு, அதற்கடுத்து, “இவ்விடம் நல்ல மழை. அவ்விடம் மழை உண்டா?” ஐயா என் ஆத்தாவைப் பெற்றவர். அம்மாவை நான் ஆத்தா என்பேன், அவள் ஐயாவை அப்பச்சி என்பாள். 1950களில் பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளராக, இருந்தார். மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊருக்கு வருவார், சில மாதம் இருப்பார், மறுபடி நாகப்பட்டினம் போய் ரஜூலா கப்பல் ஏறிவிடுவார். காரைக்குடிப் பக்கம் ஊருணி வற்றிக் கிடக்கிற மாதத்தில் அந்த வரி வந்து சேரும். அப்பச்சி மழைக்குள்ளேயே குடியிருக்கிறார் என்று சின்ன வயதில் நினைத்திருந்ததாக ஆத்தா சொல்வாள்.

2013 அக்டோபரில் அவளைப் பினாங்குக்கு அழைத்துப் போனேன். சிங்கப்பூரில் ஏறி, வழியில் பினாங்கில் ஒரு பகல் நிற்கும் சுற்றுலாக் கப்பல். காலை ஒன்பது மணிக்கு இறங்கலாம், மூன்றரைக்குள் திரும்பிவிட வேண்டும். அந்த ஆறரை மணி நேரத்துக்குள் எதையெல்லாம் பார்ப்பது என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தேன். பினாங்கு வீதியில் நகரத்தார் சமூகத்தின் கோவில் வீடு, 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோவில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், கடைசியாக டாக்சி பிடித்துத் தண்ணீர்மலை முருகன்.

சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கியதும் எதிரில் மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணி அறுபது ஆண்டு ஆண்டதற்காக அறுபது அடி உயரத்தில் கட்டியது. அதைத் தாண்டும்போது தூறல். மார்க்கெட் வீதிக்குள் நுழையும்போது வானமே அறுந்து விழுந்தது. சாய்ந்தடித்த மழைக்குக் குடை நிற்கவில்லை. ஆத்தாவின் கையைப் பிடித்து ஒரு கடையின் அஞ்சடிக்கு ஏற்றினேன்.

அஞ்சடி என்பது மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர் சொல். கடைவீட்டின் மேல்மாடி முன்னால் நீண்டு நிற்க, அதன் கீழே ஐந்தடி அகலத்தில் கூரையுள்ள நடைபாதை விட்டிருப்பார்கள். 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்திலேயே கடைகளுக்கு இப்படி ஒரு நடைபாதை வேண்டும் என்று இருந்தது. வெயிலுக்கும் மழைக்கும் தெருவில் போகிறவர் ஒதுங்க இடம் விட்டே கடை கட்ட வேண்டும் என்பது எவ்வளவு நல்ல விதி! 2008இல் யுனெஸ்கோ பினாங்கின் இந்த ஜார்ஜ் டவுனை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. அந்தப் பெருமையெல்லாம் அன்று எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆத்தாவின் தலை நனையாமல் இருந்தது, அது போதும்.

அங்கே பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா ஒரு முக்காலியை ஆத்தா பக்கம் நகர்த்திவிட்டு, “பசியாறியாச்சாம்மா?” என்றார். ஆத்தா நிமிர்ந்து பார்த்தாள். ஐயா போனபின் எங்கள் வீட்டில் யாரையும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கப்பலிலேயே வேண்டிய மட்டும் சாப்பிட்டிருந்தாலும், “இல்லை” என்று பதில் சொன்னாள். பக்கத்துக் கடையிலிருந்து தே தாரிக் வந்தது. ஆற்றி ஆற்றி நுரை கட்டிய தேநீர்.

மழை மணிக்கணக்கில் விடவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். ஆத்தா தெருவில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசத் தொடங்கினாள். அப்பச்சியைப் போன்றவர்கள் தங்கித் தொழில் பார்த்த கிட்டங்கியில் ஆளுக்கொரு பெட்டியடி. பகலில் அதன் முன்னால் உட்கார்ந்து கணக்கு, இரவில் அங்கேயே பாய் விரித்துப் படுக்கை. தைப்பூசத்துக்கு முதல் நாள் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டால் சீனரும் தேங்காய் உடைப்பார்கள். அப்பச்சி வெறுங்காலோடு ரதத்தின் பின்னால் தண்ணீர்மலை வரை நடப்பார். இவ்வளவும் நான் முன்பே கேட்டவை.

கேட்டிராத ஒன்றையும் சொன்னாள். அவளுக்குப் பின் ஒரு தம்பி பிறந்திருக்கிறான். ஐயா கணக்குக்குப் போயிருந்த காலத்தில் பிறந்து, அவர் முகம் பார்க்குமுன் காய்ச்சலில் போய்விட்டான். கடிதம் போய், அவர் பதில் வந்தது. ஆத்தாவைப் பெற்ற ஆயாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஏழு வயது ஆத்தாதான் வாசித்துக் காட்டினாள்.

“அந்த ஒரு கடுதாசியில மட்டும் அப்பச்சி மழையக் கேக்கல” என்றாள்.

நான் அதற்குப் பிறகு கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மழை ஓய்ந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. மெல்ல நடந்து கோவில் வீட்டுக்குப் போனோம். ஆத்தா உள்ளே கும்பிட்டுவிட்டு, வெளியே வரும்போது வாசலில் குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தண்ணீர்மலைக்கு நேரம் இல்லை. “அடுத்த தடவ பாத்துக்கலாம்” என்றாள். கப்பல் நகரும்போது மேல்தளத்தில் நின்று மலையைத் தேடினோம். மேகம் மூடியிருந்தது.

அடுத்த தடவை வாய்க்கவில்லை. 2018இல் ஆத்தா போய்விட்டாள். அதற்குப் பின் நான் தனியாகப் போய்த் தண்ணீர்மலை ஏறிவிட்டேன். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். அன்று பளிச்சென்று வெயில். மேலிருந்து ஊரும் கடலும் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் என் மனம் கீழே மார்க்கெட் வீதியிலேயே இருந்தது. இறங்கி வந்து தேடினேன். அஞ்சடி இருந்தது. பூக்கடை இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை. முக்காலி இல்லை. யாரும் பசியாறியாச்சா என்று கேட்கவில்லை.

மலையைப் பார்க்காமல் வந்ததில் எனக்கு இன்று வருத்தம் இல்லை. அந்த மழை இன்னும் ஒரு மணி நேரம் நின்று பெய்திருக்கக் கூடாதா என்பதுதான் என் ஏக்கம். இன்னும் என்னென்ன சொல்லியிருப்பாளோ. மழை பெய்யாதிருந்தால் நான்கு இடங்களையும் பார்த்திருப்போம், படம் எடுத்திருப்போம், அந்தத் தம்பியைப் பற்றி எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

ஐயாவின் கடிதங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. மழை இல்லாத அந்தக் கடிதத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஆயா அதைத் தனியே வைத்திருந்தாரோ, எரித்துவிட்டாரோ, சொல்ல இனி ஆள் இல்லை.

கடல் தாண்டிப் போனவரின் கடிதக் கட்டு உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதை வாசித்தவர், வாசிக்கக் கேட்டவர் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அதற்கு ஒரு மழை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.