சிறார்க்கு எந்த விஞ்ஞானம் வேண்டும்?

நம் பிள்ளைகள் விஞ்ஞானத்தை எந்த மொழியில் கற்கவேண்டும் என்பது பற்றி இந்நாட்டில் நடந்த வாதங்கள் கொஞ்சமல்ல. விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் போதிக்கும் திட்டம் 2003 ஆம் ஆண்டில் தமிழ்ப் பாடசாலைகளின் முதல் வகுப்பிலும் புகுந்தது. 2009 இல் அதனைக் கைவிடுவதென அரசாங்கம் அறிவித்தது. 2016 இல் இருமொழித் திட்டம் வந்தது. அது தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஏற்றதா என்று மீண்டும் கூட்டங்களும் அறிக்கைகளும் பெருகின. எந்த மொழியில் என்று கேட்டோமேயொழிய, எதனை என்று கேட்டவர் சிலரே.

நாம் ஆங்கிலத்தில் விஞ்ஞானம் கற்றவர். டத்தோ கிராமாட்டில் குடியிருந்து, நாள்தோறும் பாலங்கடந்து அக்கரைத் தோட்டமொன்றின் ஆபீசில் கணக்கெழுதுபவர். அக்கல்வியால் உத்தியோகம் கிடைத்தது, மறுப்பதற்கில்லை. ஆயினும் ஆவியாதலின் இலக்கணத்தை ஒப்புவித்து மதிப்பெண் வாங்கிய காலத்தில், கொடியில் காயும் வேட்டிக்கும் அவ்விலக்கணத்துக்கும் உறவுண்டென்று நமக்குச் சொன்னார் ஒருவருமில்லை. தமிழில் பயின்ற நண்பர்களை வினவினோம். அவர்கள் கதையும் அதுவே. மொழிதான் வேறு, நெட்டுரு ஒன்றே!

குழந்தை தன் தாயிடம் எம்மொழியில் "ஏன்?" என்று கேட்கிறதோ, அம்மொழியிலேயே விஞ்ஞானமும் தொடங்கவேண்டும் என்பது நம் கொள்கை. ஆனால் அந்த "ஏன்" அதன் கண்முன் உள்ள பொருளைப் பற்றியதாக இருத்தல் வேண்டும்.

பால்மரம் நிற்கும் தோட்டத்துப் பிள்ளையைப் பாருங்கள். தாய் இருள் பிரியுமுன் வெட்டுக்குப் போகிறாள். ஏன்? குளிர்ந்த வேளையில் மரத்தினுள் நீரின் அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக வடிகிறது. அப்பாலில் ஆசிட் சேர்த்தால் உறைகிறது. ஏன்? நீரில் தனித்தனியே மிதந்த நுண்ணிய ரப்பர்த் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. உறைய வைக்கும் பார்மிக் ஆசிட் எறும்பின் உடலிலும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் ஜான் ரே என்னும் ஆங்கிலேயர் எறும்புகளை வடித்தே அதனை எடுத்தார். மங்கையும் எறும்பையும் நாளெல்லாம் காணும் குழந்தைக்கு இதைவிடச் சிறந்த ரசாயனப் பாடம் வேறெது?

இனி நகரத்துப் பிள்ளை. எங்கள் பகுதியை அடுத்தோடும் சுங்கை பினாங்கு ஆறு பெருமழையில் கரைபுரண்டு வீடுகளுள் புகுவது புதிதன்று. 2017 நவம்பர் வெள்ளத்தைப் பினாங்கு மக்கள் மறந்திரார். பெருமழையும் கடலேற்றமும் ஒருங்கே நேர்ந்தால் ஆற்றுநீர் கடலில் வடிய வழியின்றித் தேங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடலேற்றம் மிகும்; அந்நாட்களோ நம் வீட்டு நாட்காட்டியிலேயே உள்ளன. ஒரு போத்தலில் மழையை அளந்து, நாட்காட்டியில் சந்திரனைக் குறித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும் மாணவன். வெள்ளம் எவருடைய சாபமுமன்று என்பதைத் தானே கண்டுகொள்வான்.

கொசுவும் ஓர் ஆசிரியனே. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை 1897 இல் செக்கந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டார். 1901 இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்து அந்நோயை அடக்கினார். இன்று நம்மை வாட்டும் டெங்கிக் கொசுவோ, பூச்சாடித் தட்டில் தேங்கிய தெளிந்த நீரிலும் பெருகுகிறது. முட்டை பொரிந்து கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். வலையால் மூடிய கண்ணாடிக் குவளையில் அம்மாற்றத்தைக் கண்ட சிறுவன், அடுத்த வாரம் வீட்டிலுள்ள தட்டுகளை எவரும் சொல்லாமலே கவிழ்ப்பான்.

மூடநம்பிக்கையை ஒழிப்பதும் இவ்வழியாலேயே கைகூடும். 2019 டிசம்பர் 26 இல் சூரியகிரகணம் நேர்ந்தது. பினாங்கில் அது பகுதிக் கிரகணம். கிரகண வேளையில் கர்ப்பிணிகளை அறைக்குள் அடைக்கும் வழக்கம் நம்மவரிடையே இன்னும் உண்டு. அதனைப் பழித்துப் பேசுவதால் பயன் சிறிது. வெறுங்கண்ணால் சூரியனைப் பார்ப்பதுதான் தீங்கு என்று எச்சரித்து, அட்டையில் ஊசித்துளையிட்டு, அதன் வழியே நிலத்தில் விழும் பிறைவடிவ ஒளியைக் குழந்தைக்குக் காட்டுங்கள். ராகுவுக்கு அங்கே இடமிராது.

இவற்றிற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஒரு பூதக்கண்ணாடி, ஒரு வெப்பமானி, ஓர் அளவுகோல், சில போத்தல்கள் போதும். "எனக்கும் தெரியாது, வா, பார்ப்போம்" என்று சொல்லத் துணிந்த ஆசிரியர் ஒருவர் வேண்டும். ஆறாம் வகுப்புப் பொதுத்தேர்வும் 2021 இல் ஒழிக்கப்பட்டது. விடைகளை உருப்போட வைப்பதற்குச் சொல்லிவந்த காரணமும் அத்தோடு போயிற்று.

எனவே பெற்றோர்களே, பாடசாலைக் கூட்டத்துக்குப் போகும்போது பிள்ளை எத்தனை மதிப்பெண் வாங்கினான் என்பதோடு நில்லாதீர்கள். "இவ்வாரம் என் பிள்ளை தன் கண்ணால் எதைப் பார்த்தான்? எதை அளந்தான்? எதைக் கேட்டான்?" என்று கேளுங்கள். தோட்டத்திலும் பட்டணத்திலும் பெற்றோர் இக்கேள்வியை விடாது கேட்பரேல், பாடசாலைகள் விடை தேடியே தீரும்.