நாங்கள் எதையும் மாற்றவில்லை

பிறர் எழுத்தில் பிழை பார்ப்பது எங்கள் வேலை. பணி ஓய்வுக்குப் பிறகு கணவன், மனைவி இருவருமாகச் சில சிறு பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுத்து வருகிறோம். வல்லினம் மிகுமிடம், மிகாவிடம், விடுபட்ட வரி, இடம் மாறிய அடிக்குறிப்பு என்று நாளொன்றுக்கு நாற்பது பக்கமாவது பார்ப்போம். ஒருவர் பார்த்ததை மற்றவர் மறுபடி பார்ப்பது வழக்கம். இருவர் கண்ணுக்கும் தப்பிப் போகும் பிழை குறைவு என்று எங்களுக்குள் சிறு கர்வமும் உண்டு. அந்தக் கர்வத்துக்கு நேர்ந்த கதியைத்தான் இங்கே சொல்ல வருகிறோம். கணினி நுட்பம் கொஞ்சம் குறுக்கே வரும். இலக்கிய வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

2023-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. திருச்சி உறையூரில் எங்கள் வீட்டு மடிக்கணினிகள் இரண்டிலும் இணையம் நின்றுபோயிற்று. ஒரேயடியாக நிற்கவில்லை என்பதுதான் வேடிக்கை. முதலில் நாளிதழ்ப் பக்கம் வரவில்லை, மின்னஞ்சல் வந்தது. அரை மணி நேரத்தில் அதுவும் போயிற்று. இரண்டையும் அணைத்துப் போட்டோம். அதன் பிறகு எதுவுமே திறக்கவில்லை. முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற ஒற்றை வாசகத்தை உலாவி திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் ஒரு நாவலின் கடைசிப் படிவங்கள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

ஓராண்டுக்கு முன்புதான் பழைய கேபிள் இணைப்பை விட்டுவிட்டுக் கண்ணாடி இழை இணைப்புக்கு மாறியிருந்தோம். ஆகவே குற்றவாளி யார் என்பதில் எங்களுக்கு ஐயமே எழவில்லை. லைன்தான். உடனே லைன் பார்க்கும் இளைஞரைக் கூப்பிட்டோம்.

அவருக்கு இருபத்து நான்கு வயது இருக்கலாம். வந்தவுடன் ரவுட்டரின் விளக்குகளைப் பார்த்தார். இழை அறுந்திருந்தால் சிவப்பு விளக்கு எரியுமாம். எல்லாம் பச்சையாகவே இருந்தன. இழையைக் கழற்றி ஒரு சிறு கருவியில் செருகி அளந்தார். "ஒளி மைனஸ் இருபதுல இருக்கு சார், லைன் கிளியர்" என்றார். தம் கைப்பேசியின் டேட்டாவை நிறுத்திவிட்டு, எங்கள் வைஃபையில் ஒரு பாட்டை ஓடவிட்டும் காட்டினார். கைப்பேசிக்குக் கொஞ்சம் வேகம் போதும், மடிக்கணினிக்கு அது பற்றாது என்று, எங்கே கேட்டோம் என்று இன்றுவரை நினைவுக்கு வராத ஒரு நியாயத்தை நாங்கள் எடுத்துரைத்தோம்.

அவர் சற்றுத் தயங்கிக் கேட்டார்: "லேப்டாப்புல ஏதாவது செட்டிங் மாத்தினீங்களாம்மா?"

"நாங்க எதையும் மாத்தலை, தம்பி." இதை இருவரும் ஒரே குரலில் சொன்னோம்.

"நான் ஒரு தடவை பார்க்கட்டுமா?"

பிறருடைய அச்சேறாத பிரதிகள் அதில் இருக்கின்றன, கொடுக்க இயலாது என்று மறுத்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை மறுபடி வந்து ரவுட்டரை மாற்றினார். பயனில்லை. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்துப் பார்த்தோம்; அதிலும் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. சிக்னல் சரியில்லை என்று அதற்கும் ஒரு காரணம் கற்பித்துக்கொண்டு, படிவங்களைப் பென் டிரைவில் ஏற்றிக் கடைத்தெரு பிரவுசிங் சென்டருக்கு ஓடினோம். சனிக்கிழமை ஆடிக் காற்றில் கம்பத்தில் ஏறி, தெருமுனையிலிருந்து வீடு வரைக்கும் புதிய இழை இழுத்தார். அப்போதும் அதே வாசகம்தான். அன்றிரவு கைப்பேசியிலேயே நிறுவனத்துக்கு ஒரு புகார் எழுதினோம். மூன்று முறை வந்தும் கோளாறு இன்னதென்று கண்டறியத் தெரியாத ஊழியரை அனுப்பியிருக்கிறீர்கள் என்பது அதன் சாரம். எழுத்துப்பிழை, சந்திப்பிழை ஏதுமில்லாத புகார். ஊழியர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. பெயர் எங்களுக்குத் தெரியவில்லை. கைப்பேசியில் 'லைன் தம்பி' என்றுதான் பதிந்து வைத்திருந்தோம். பெயருக்குப் பதிலாக அவருடைய எண்ணை எழுதினோம்.

ஞாயிறு இரவு பெங்களூரிலிருந்து எங்கள் மருமகள் பேசினாள். எங்களில் ஒருவருக்கு அண்ணன் மகள். கணினித் துறையில் வேலை. கதை முழுவதையும் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒரே கேள்வி.

"மாமா, ஹாட்ஸ்பாட்டுலயும் வரலைன்னா லைன் மேல எப்படித் தப்பு இருக்கும்?"

எங்களிடம் பதில் இல்லை. அந்த மௌனத்தைப் பயன்படுத்திக்கொண்டு அவள் வேலையைத் தொடங்கினாள். கறுப்புத் திரையைத் திறந்து பிங் என்ற கட்டளையோடு 8.8.8.8 என்ற எண்ணை அடிக்கச் சொன்னாள். அது கூகுள் நிறுவனம் 2009 முதல் பொதுவில் வைத்திருக்கும் ஒரு சர்வரின் முகவரி. நான்கு பதில்கள் வரிசையாக வந்தன. ஆக, எங்கள் கணினி வெளியுலகை எட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது! அடுத்து எண்ணுக்குப் பதிலாக ஒரு தளத்தின் பெயரை அடிக்கச் சொன்னாள். அப்படி ஒருவரைத் தெரியாது என்றது கணினி.

"பாதை இருக்கு அத்தை. பேர் சொன்னாத்தான் தெரியலை. டி.என்.எஸ். பிரச்சினை" என்றாள்.

அன்று அவள் விளக்கியதையும் பிறகு நாங்களாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறோம். இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் முகவரி என்பது ஓர் எண். நன்னூலார் வழியில் சொன்னால் எண் இடுகுறி. நாம் தளங்களுக்கு வைக்கும் பெயர்களில் பல காரணப்பெயர்கள். நம் நினைவில் நிற்பது பெயர். கணினிக்கு வேண்டியதோ எண். தொடக்கக் காலத்தில் ஆர்ப்பாநெட் என்ற வலையமைப்பில் இந்தப் பெயர்களும் எண்களும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவிலிருந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லரின் தலைமையில் இயங்கிய தகவல் மையம் அதைப் பராமரித்தது. புதிய கணினி சேர்ந்தால் அவர்களிடம் சொல்ல வேண்டும். அவர்கள் கோப்பில் சேர்ப்பார்கள். மற்றவர்கள் அதைப் படியெடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக அது கட்டுக்கடங்காமல் போயிற்று. ஜான் போஸ்டல் கேட்டுக்கொண்டபடி பால் மொக்காபெட்ரிஸ் 1983-இல் வகுத்த மாற்று ஏற்பாடுதான் டி.என்.எஸ். 1987-இல் திருத்தி வெளியிடப்பட்ட அதன் விதிகளே இன்றைக்கும் அடிப்படை. அந்தப் பழைய கோப்பின் வாரிசு ஒன்று இன்றும் ஒவ்வொரு மடிக்கணினிக்குள்ளும் குடியிருக்கிறது என்பது கூடுதல் செய்தி.

இந்த ஏற்பாடு நம் ஊரில் வீடு விசாரிப்பதைப் போன்றது. பேருந்து நிலையத்தில் கேட்டால் எந்தப் பேட்டை என்பார்கள். பேட்டையில் கேட்டால் தெருவைச் சொல்வார்கள். தெருமுனைத் தேநீர்க்கடையில்தான் வீடு தெரியும். அதேபோல் உச்சியில் 13 பெயர்களில் இயங்கும் வேர்ச் சர்வர்கள். உலகெங்கும் அவற்றுக்குப் பல பிரதிகள் உண்டு. அவற்றுக்குக் கீழே ஒவ்வொரு பெயர் ஈற்றுக்கும் பொறுப்பான சர்வர்கள். அவற்றுக்கும் கீழே அந்தந்தத் தளத்தின் சொந்த சர்வர். நம் மடிக்கணினி இந்த அலைச்சலைத் தானே மேற்கொள்வதில்லை. தனக்காக விசாரித்துச் சொல்ல ஒரு சர்வரை நம்பியிருக்கிறது. பொதுவாக ரவுட்டர்தான் அது யாரென்று காட்டிக் கொடுக்கும். விசாரித்து வந்த விடையைக் கணினி சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும்; கெடு முடிந்ததும் மறந்துவிடும். வியாழக்கிழமை எங்கள் பக்கங்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றதன் மர்மம் இதுதான்.

"இப்ப உங்க லேப்டாப் யார்கிட்டப் பேர் கேக்குதுன்னு பார்ப்போம்" என்று மருமகள் இன்னொரு கட்டளை சொன்னாள். நீண்ட பட்டியலின் நடுவே டி.என்.எஸ். என்ற வரிக்கு நேரே இரண்டு எண்கள் தெரிந்தன. மற்றக் கணினியிலும் அதே இரண்டு. ரவுட்டர் கொடுத்த எண்கள் அல்ல அவை. "இதை யாரோ கையால போட்டிருக்காங்க. யார் குடுத்த நம்பர் இது?"

எங்களில் ஒருவர் பேசாமல் எழுந்து போய் 2020-ஆம் ஆண்டின் நாட்குறிப்பை எடுத்து வந்தார். ஊரடங்குக் காலத்தில் பழைய கேபிள் இணைப்பு படுத்திய பாடு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர்கள் அலுவலகத்தில் தொலைபேசி வழியே இரண்டு எண்களைச் சொல்லி, கணினியில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். மெய்ப்புப் பார்ப்பதைப் போலவே ஒருவர் வாசிக்க மற்றவர் அடித்தோம். பிறகு அடித்தவர் வாசிக்க மற்றவர் நாட்குறிப்போடு ஒப்பிட்டார். ஒரு புள்ளிகூடப் பிழையில்லை. இரண்டு கணினிகளிலும் அப்படியே செய்தோம். செய்ததை முற்றாக மறந்தும் போனோம்.

நிறுவனம் மாறிய பின்பும் ஓராண்டுக் காலம் எங்கள் கணினிகள் பழைய நிறுவனத்தின் வாசலில் போய் வழி கேட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. அவர்களும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த வியாழக்கிழமை வெளியாருக்குக் கதவைச் சாத்திவிட்டார்களோ, அந்த சர்வரையே மூடிவிட்டார்களோ, பதில் நின்றுவிட்டது. எங்கள் புதிய லைனில் எந்தக் குற்றமும் இல்லை. மருமகள் சொன்னபடி, டி.என்.எஸ். முகவரியைத் தானாகப் பெறும்படி மாற்றி, பழைய நினைவுகளைத் துடைக்கும் கட்டளையையும் அடித்தோம். மறு நொடியே நாளிதழ் திறந்தது. முழுதாக இரண்டு நிமிட வேலை.

பெரியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது என்று பின்னர் படித்தோம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் அதன் துணைச் செயலிகளும் சுமார் ஆறு மணி நேரம் உலகெங்கும் மறைந்து போயின. பராமரிப்பின்போது அவர்களே கொடுத்த ஒரு கட்டளையால் உள்வலை அறுந்து, அவர்களுடைய பெயர் சர்வர்களை யாரும் எட்ட முடியாமல் போனதுதான் காரணம். ஆனால் அவர்கள் கம்பத்தில் ஏறிய எவர் மீதும் பழி போட்டதாகத் தெரியவில்லை. அந்த ஆறுதல் எங்களுக்கு இல்லை.

திங்கட்கிழமை காலையில் புகாரைத் திரும்பப் பெற முயன்றோம். அது ஏற்கெனவே மேலே போய்விட்டதாகச் சொன்னார்கள். தவறு எங்களுடையது என்று விளக்கி ஒரு கடிதம் எழுதினோம். இளைஞரைத் தொலைபேசியில் அழைத்தோம், எடுக்கவில்லை. பத்து நாள் கழித்து, பக்கத்துத் தெருவில் கம்பத்தடியில் ஏணியைச் சாத்திக்கொண்டிருந்தவரைப் பார்த்தோம். நடந்ததைச் சொன்னோம். மன்னிப்பும் கேட்டோம். அந்த மாத ஊக்கத்தொகையைப் பிடித்துவிட்டதாக அவர் சொன்னார், சாதாரணமாகத்தான். ஈடு செய்கிறோம் என்று பணத்தை நீட்டியபோது வாங்க மறுத்துவிட்டார்.

"பரவால்லம்மா. நான் கேட்டப்ப ஒரு தடவை காட்டியிருக்கலாம்" என்றார்.

அதற்குப் பின்தான் அவர் பெயரைக் கேட்டோம். நல்ல தமிழ்ப் பெயர். இங்கே எழுதுவது முறையல்ல. கைப்பேசியில் 'லைன் தம்பி'யை அழித்துவிட்டு அந்தப் பெயரைப் பதிந்துகொண்டோம். நிறுவனத்துக்கு இரண்டாவது கடிதத்தை அந்தப் பெயரிட்டு எழுதினோம். அடுத்த மாதம் பிடித்த தொகை திரும்பக் கிடைத்ததாக அவரே கூப்பிட்டுச் சொன்னார்.

இதே துன்பம் வாசகர் எவருக்கேனும் நேர்ந்தால் உதவட்டும் என்று வரிசையைச் சொல்லி வைக்கிறோம். முதலில் வேறொரு கருவியை அதே வைஃபையில், டேட்டாவை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். அது வேலை செய்தால் லைனை விட்டுவிடுங்கள். அடுத்து எண்ணுக்கு ஒரு பிங், பெயருக்கு ஒரு பிங். எண் பதில் சொல்லிப் பெயர் சொல்லாவிட்டால், கணினி யாரிடம் வழி கேட்கிறது என்று பாருங்கள். ஓர் உலாவியில் வந்து மற்றொன்றில் வராவிட்டால் உலாவியின் அமைப்பையும் பார்க்க வேண்டும். இன்றைய உலாவிகள் சில தமக்கென்று தனியே டி.என்.எஸ். வைத்துக்கொள்கின்றன. அலுவலகப் பணிக்காக நிறுவிய வி.பி.என். மென்பொருளும் சில சமயம் தன் எண்களை விட்டுச் செல்வதுண்டு. 8.8.8.8 போன்ற பொது சர்வர்களைக் கையால் இடுவதில் பிழையில்லை. இட்டதை எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் ரவுட்டருக்கு அருகில் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. எந்தக் கணினியில், எந்த நாளில், எதை, எதற்காக மாற்றினோம் என்று அதில் எழுதி வருகிறோம். இதுவரை பதினொரு பதிவுகள் ஆகியிருக்கின்றன. எதையும் மாற்றாத எங்கள் வீட்டில்.