உங்கள் வீட்டின் ஸ்டைல் என்ன?

திருவான்மியூரில் புதிதாக ஃப்ளாட் வாங்கியவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "மாடர்ன்", "டிரெடிஷனல்", இல்லையென்றால் "செட்டிநாடு ஸ்டைல்" என்று பதில் வரும். கொஞ்சம் கிளறினால், அது எங்கோ பத்திரிகையில் பார்த்த படமாக இருக்கும்!

சரி, செட்டிநாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பர்மா, மலேயா, இலங்கை என்று வியாபாரத்துக்குப் போனவர்கள் கட்டிய வீடுகள் அவை. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துச் சுவரைப் பூசினார்கள். வெயில் ஊர் என்பதால் நடுவில் முற்றம் விட்டார்கள். அதாவது அவர்கள் வாழ்க்கையும் ஊரின் வெயிலும் சேர்ந்துதான் அந்த ஸ்டைல்.

ஆத்தங்குடி கல்லும் அப்படித்தான். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுவார்கள். அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு, பிறகு தண்ணீரில் ஊறவைப்பார்கள். சூளையே கிடையாது. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்கத்தான் பளபளப்பு கூடும். யாரும் கால் வைக்காத ஹாலில் அதைப் போட்டு என்ன பயன்?

இதைப் புரிந்துகொள்ள ரொம்ப தூரம் போக வேண்டாம். கலாக்ஷேத்ரா திருவான்மியூரிலேயே இருக்கிறது. ருக்மிணி தேவி 1936ல் அதைத் தொடங்கினார். நடனத்துக்கு நல்ல புடவைகள் தேவைப்பட்டன, அதனால் நெசவுக்கூடம் வந்தது. பழைய புடவைகளின் கரையையும் நிறத்தையும் பார்த்து மறுபடி நெய்தார்கள். முதலில் தேவை, அப்புறம்தான் அழகு.

திருவான்மியூர் வீட்டுக்கு என்ன தேவை? கடற்காற்று இரும்பைச் சும்மா விடாது. ஆசையாக வாங்கிய இரும்பு ஷெல்ஃப் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். மரமும் பிரம்பும் தாங்கும். பித்தளை கறுத்தாலும் புளி போட்டுத் தேய்த்தால் மின்னும்.

பித்தளை என்றதும் இன்னொரு விஷயம். பாட்டியின் அண்டாவை எடைக்குப் போட்டுவிட்டு, அடுத்த மாதமே "ஆண்டிக்" உருளியைப் பல மடங்கு விலைக்கு வாங்குகிற வீடுகள் எத்தனை! காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் நிற்கும் தூண்களும் கதவுகளும் இப்படித்தான். இடிந்த ஒரு வீட்டின் ஞாபகம் இன்னொரு வீட்டின் அலங்காரமாகிறது. ஈ.சி.ஆர். சாலையில், முட்டுக்காட்டில் 1996ல் திறந்த தக்ஷிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டையே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே தூண் தூணாக இருக்கிறது. டி.வி. ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அது வெறும் ஷோ பீஸ்.

அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால் பரண் மேல் ஏறிப் பாருங்கள். எத்தனை தடவை வீடு மாறியும் தூக்கி எறிய மனசு வராத பொருட்களை ஒரு பேப்பரில் எழுதுங்கள். தாத்தாவின் சாய்வு நாற்காலி, அம்மாவின் தையல் மெஷின், எதுவானாலும் சரி. பக்கத்திலேயே வீட்டில் தினமும் யார் எங்கே உட்காருகிறார்கள், வெளிச்சம் எந்தப் பக்கம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வாடகை வீடு, ஆணி அடிக்கக்கூட ஓனர் விடமாட்டார் என்றாலும் பரவாயில்லை. அந்தப் பேப்பரில் இருப்பதுதான் உங்கள் ஸ்டைல். அதற்குப் பெயர்கூடத் தேவையில்லை!